குழந்தைகளோடு பல மாத வெளிநாட்டுப் பயணம்: கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

மூன்று மாதமோ ஒரு வருடமோ, குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புவதென்றால் வேலைகளை இரண்டு பட்டியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். போன பிறகும் சரிசெய்துகொள்ளக் கூடியவை ஒன்று, போன பிறகு சரிசெய்வது பெரும்பாடு ஆகிவிடுபவை இன்னொன்று. செருப்பு, சட்டை, டயப்பர் எல்லாம் முதல் பட்டியல். போகிற ஊரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கான கடைகளும் இருக்கின்றன. காலாவதியாகப் போகும் பாஸ்போர்ட், பழைய எண்ணுக்கு மட்டுமே வரும் வங்கி ஓடிபி, இரண்டு தவணையாகப் போட வேண்டிய தடுப்பூசி, கூட வராத பெற்றோரின் கையெழுத்து போன்றவை இரண்டாவது. பெட்டி கட்டுவதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். ஆனால் பயணத்தைப் பாதியில் நிறுத்துவது இரண்டாவது பட்டியல்தான். அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே உட்கார வேண்டும்.

ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறுவதற்குக் குழந்தைகளோடு மூன்று நாள் ஆகும். முந்தைய நாள் மூட்டை கட்ட, மறுநாள் பயணம் செய்ய, அதற்கடுத்த நாள் புது வீட்டில் தூக்கமும் சாப்பாடும் நேரத்துக்கு வர. மாதத்துக்கு நான்கு ஊர் என்றால் பன்னிரண்டு நாள் இதிலேயே போய்விடும். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் ஓரிடத்தில் மூன்று வாரமாவது தங்குங்கள். மாத வாடகைக்குத் தள்ளுபடி கிடைப்பது கூடுதல் லாபம்.

கிளம்பும் முன் எல்லாத் தங்குமிடத்துக்கும் பணம் கட்டிவிட வேண்டாம். முதல் பத்துப் பதினான்கு இரவுகளை மட்டும் உறுதி செய்யுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் தள்ளிப்போனாலே அடுத்தடுத்த பதிவுகள் வரிசையாகச் சரியும். வீடு பார்க்கும்போது துணி துவைக்கும் இயந்திரம், குழந்தை தூங்கும்போது பெரியவர்கள் விளக்குப் போட்டு உட்கார இன்னொரு அறை, பால்கனிக் கம்பிகளின் இடைவெளி ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பிகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சின்னக் குழந்தை நுழைந்துவிடும். படத்தில் தெரியாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேட்கலாம், தவறில்லை.

பாஸ்போர்ட்

பல நாடுகள் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் செல்லுபடிக் காலம் இருந்தால்தான் உள்ளே விடுகின்றன. இந்தக் கணக்கைக் கிளம்பும் தேதியிலிருந்து போடுவதுதான் வழக்கமான தவறு. பயணத்தின் கடைசி நாட்டுக்குள் நுழையும் தேதியிலிருந்து போட வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு என்றால் குழந்தைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் ஐந்தே ஆண்டுதான். ஆகவே வீட்டில் முதலில் காலாவதி ஆவது சின்னவருடையதாக இருக்கும். காலிப் பக்கங்களையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கம் முழுதாகக் காலியாக இருக்க வேண்டும் என்று சில நாடுகள் கேட்கும்.

கைக்குழந்தையாக எடுத்த படத்துக்கும் நான்கு வயது முகத்துக்கும் ஒற்றுமை இராது. பிறப்புச் சான்றிதழின் நகலைக் கைப்பையில் வையுங்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், டிக்கெட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் அதற்கே மாதங்கள் ஆகலாம்.

விசாவும் நாள் கணக்கும்

நீண்ட பயணத்தில் அதிகம் பிசகுவது இதுதான். ஐரோப்பாவின் பல நாடுகள் சேர்ந்து ஒரே எல்லையாக இயங்கும் ஷெங்கன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பது தவறான நம்பிக்கை. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. லீப் ஆண்டல்லாத ஓர் ஆண்டில் ஜனவரி 1 அன்று நுழைந்து மார்ச் 1 அன்று வெளியேறினால் 60 நாள். நாற்பது நாள் வெளியே இருந்துவிட்டு ஏப்ரல் 11 அன்று திரும்ப நுழைந்தால் மே 10 வரை 30 நாள், மொத்தம் 90. இனி ஜூன் 30க்கு முன் உள்ளே வர முடியாது. அன்றுதான் ஜனவரி 1 அந்த 180 நாள் சாளரத்தை விட்டு வெளியே போகிறது. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவு முறை படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. அதிகாரி கவனிக்கமாட்டார் என்று நம்பிப் பலனில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் குழந்தைகளிடம் அதில் கைரேகை வாங்குவதில்லை, ஆனால் நாள் கணக்கு அவர்களுக்கும் உண்டு.

முத்திரை குத்தும் நாடுகளில் கவுன்ட்டரை விட்டு நகரும் முன் ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் திறந்து தேதியைப் படியுங்கள். நான்கைந்து பாஸ்போர்ட்டை அடுக்கி நீட்டும்போது ஒரு குழந்தையுடையதில் முத்திரை விழாமல் போவது நடக்கும். வெளியேறும்போது 'எப்போது வந்தீர்கள்' என்ற கேள்விக்கு அப்புறம் காகிதம் தேட வேண்டியிருக்கும்.

ஒருவழி டிக்கெட்டோடு போகிறவர்களைத் தடுப்பது பெரும்பாலும் குடியேற்ற அதிகாரி அல்ல, புறப்படும் ஊரில் செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவர். உள்ளே விடப்படாத பயணியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியது விமான நிறுவனத்தின் பொறுப்பு என்பதால், அவர்கள் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் நாட்டின் விதியைப் பார்த்தே ஏற்றுகிறார்கள். அங்கே 'வெளியேறும் டிக்கெட் வேண்டும்' என்று இருந்தால் உங்கள் விளக்கம் எடுபடாது. பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டோ அண்டை நாட்டுக்கு மலிவான பேருந்து டிக்கெட்டோ கையில் இருக்கட்டும். பேருந்து டிக்கெட்டை அந்த நாடு ஏற்குமா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கூட வராதவரின் கையெழுத்து

தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால், மற்றவரின் சம்மதக் கடிதத்தை எல்லையில் கேட்கலாம். குழந்தைக் கடத்தலைத் தடுக்கவே இந்தக் கேள்வி, ஆகவே கோபப்பட இடமில்லை. கடிதத்தில் குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், உடன் செல்பவரின் பெயரும் உறவும், செல்லும் நாடுகள், தேதிகள், சம்மதிப்பவரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். சில நாடுகள் 1961 ஹேக் உடன்படிக்கைப்படி அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அரசுச் சான்று) கேட்கும். மணமுறிவு என்றால் நீதிமன்ற ஆணை, துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ்.

இருவரும் சேர்ந்தே கிளம்பினாலும் இந்தக் கடிதத்தை எழுதி வையுங்கள். மூன்றாவது மாதத்தில் ஒருவர் அவசரமாக ஊர் திரும்ப நேரிட்டால், மற்றவர் குழந்தைகளோடு அடுத்த எல்லையைத் தாண்ட அது வேண்டும். அந்நிய நாட்டில் நோட்டரியைத் தேடுவதைவிட, கிளம்பும் முன் ஒருவருக்கொருவர் ஆளுக்கொரு கடிதம் எழுதிக்கொள்வது அரை நாள் வேலைதான். தாத்தா பாட்டி உடன் வந்தால், பெற்றோர் அருகில் இல்லாத நேரத்தில் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுங்கள்.

தடுப்பூசிகள்

எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தேதிகள் ஒன்றையொன்று தள்ளிவிடும் இடம் இது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடியாகும். வழக்கமாக ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைகளுக்கே போடுவார்கள்; ஆறு மாதத்துக்குக் கீழ் போடவே கூடாது. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. தட்டம்மை ஊசியும் அப்படித்தான். இப்படிப்பட்ட இரண்டை ஒரே நாளில் போடலாம். இல்லாவிட்டால் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது இதைத் தெரிந்துகொண்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வழியில்லை.

ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைகளுக்குப் பயணத்துக்காகத் தட்டம்மை ஊசி முன்கூட்டியே ஒரு தவணை போடுவதுண்டு. அது அட்டவணையில் சேராது; ஒரு வயதுக்குப் பிறகு வழக்கமான தவணைகளையும் போட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசியைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள்தான் தெருநாயைத் தொடுவார்கள், கீறல் பட்டாலும் சொல்லமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் முன்தடுப்பை முதல் நாளும் அதிலிருந்து ஏழு நாள் கழித்தும் என இரண்டு தவணையாகக் குறைத்துவிட்டது. முன்பே போட்டவர்களுக்குக் கடித்த பிறகும் இரண்டு தவணை தேவை. ஆனால் சின்ன ஊர்களில் கிடைக்காமல் அலைய வைக்கும் இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்புக்கான எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படாது. போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கடித்த இடத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலேரியா மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது. ஆறு மாதப் பயணத்தில் குழந்தையின் எடை கூடும், அளவும் மாறும் என்பதை மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பல் மருத்துவர், கண்ணாடி போடுபவர்களுக்கு மாற்றுக் கண்ணாடி இரண்டையும் அதே வாரத்தில் முடித்துவிடலாம்.

மருந்துப் பை

இதில் நடக்கும் பெரிய தவறு அளவுத் தவறு. பாரசிட்டமால் சிரப்பின் செறிவு நாட்டுக்கு நாடு, பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி; 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்றால் 3.6 மில்லிதான். ஊரில் பழகிய 'ஒன்றரை ஸ்பூன்' கணக்கைப் புது பாட்டிலுக்கும் வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு குழந்தையின் எடையையும் மில்லிகிராம் அளவையும் ஒரு அட்டையில் எழுதிப் பையில் ஒட்டுங்கள். ஊசியில்லாத அளவுச் சிரிஞ்ச் இரண்டு வையுங்கள். இடைவெளி நான்கு முதல் ஆறு மணி நேரம், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. கடையில் கேட்கும்போது பிராண்ட் பெயர் உதவாது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதே மருந்துக்குப் பெயர் அசெட்டமினோஃபென்.

டெங்கு உள்ள பகுதியில் காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஓஆர்எஸ் பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று படித்துவிட்டே கலக்குங்கள். ஒரு லிட்டருக்கானதும் இருக்கிறது, 200 மில்லிக்கானதும் இருக்கிறது. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். ஒவ்வொரு முறை வயிற்றோட்டம் போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி இருந்தால் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுக்கலாம்.

இவை தவிர வெப்பமானி, பேண்டேஜ், முள் எடுக்கும் இடுக்கி, அரிப்புக்கு மருந்து, டீட் கலந்த கொசு விரட்டி. இரண்டு மாதத்துக்குக் கீழ் குழந்தைக்கு டீட் பூசக் கூடாது. வண்டிக்கும் தொட்டிலுக்கும் வலைதான்.

குழந்தைக்குத் தினசரி மருந்து இருந்தால் ஒவ்வொரு நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் ஆம்ஃபெடமைன் உள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். மருந்துகளை அசல் பெட்டியிலேயே, வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

காப்பீடு

சாதாரண ஆண்டுப் பயணக் காப்பீட்டில் 'ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்' என்று ஒரு வரம்பு இருக்கும். 30, 45, 60 என்பது போல. அதைத் தாண்டிய நாளிலிருந்து காப்பீடு இல்லை. நீண்ட காலப் பாலிசி தனியாக வாங்க வேண்டும். வாங்கும் முன் கேட்க வேண்டியவை: வெளியே இருந்தபடியே நீட்டிக்க முடியுமா, மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவார்களா, வேறு நகரத்துக்கோ சொந்த நாட்டுக்கோ விமானத்தில் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா, ஒரு குழந்தை மருத்துவமனையில் இருந்தால் மற்றவர்களின் டிக்கெட் மாற்றச் செலவு யாருடையது. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை எதுவாயினும் விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே போதும்.

பணமும் போனும்

வங்கி ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போனால் கார்டு, வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் முடங்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்:

- ரோமிங் இயக்கத்தில் இருக்கிறதா, எண் உயிரோடு இருக்கக் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ன என்று கேளுங்கள். முடிந்தால் இ-சிம்முக்கு மாறுங்கள். போனில் இன்னொரு சிம்முக்கு இடம் கிடைக்கும், கழற்றி வைத்துத் தொலைக்கவும் வேண்டாம்.
- ஓடிபி ஆப்பை இரண்டு பெரியவர்களின் போனிலும் போட்டு வையுங்கள். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, போன் இல்லாத பையில் வையுங்கள்.
- வெவ்வேறு நெட்வொர்க்கைச் (விசா, மாஸ்டர்கார்டு போல) சேர்ந்த இரண்டு வங்கிக் கார்டுகள், இரண்டு பைகளில். பயணத்தின் நடுவில் காலாவதி ஆகிறதா என்றும் பாருங்கள். மாற்றுக் கார்டைப் பெரும்பாலும் வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புவார்கள்.

கார்டு தேய்க்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டவா' என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டினால் மாற்று விகிதத்தில் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். அவசர நிதி எவ்வளவு என்பதற்கு ஒரே அளவுகோல்தான். குடும்பம் முழுவதும் நாளைக்கே ஊர் திரும்ப ஆகும் டிக்கெட் செலவு. அதைத் தொடாமல் வைத்திருங்கள்.

பள்ளி, வீடு

பள்ளியிடம் விடுப்பா, பெயர் நீக்கமா, திரும்பி வந்தால் இடம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயணத்தில் எல்லாப் பாடத்தையும் நடத்த முயல வேண்டாம். கணக்கையும் தாய்மொழி எழுத்தையும் மட்டும் விடாதீர்கள். கணக்கு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவது, ஒரு படி விட்டால் அடுத்தது நிற்காது. எழுத்தோ பழக்கம் விட்டால் மங்கும். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கும்போது காலையில் ஒன்றரை மணி நேரம், வாரத்தில் நான்கு நாள் போதும்.

வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் பிரதான தண்ணீர்க் குழாயை மூடுங்கள். நம்பகமான ஒருவருக்குச் சாவியும், தேவைப்பட்டால் அதிகாரப் பத்திரமும் கொடுங்கள். சில வீட்டுக் காப்பீடுகள் வீடு தொடர்ந்து காலியாக இருந்தால் செல்லாது, அதையும் ஒருமுறை படியுங்கள்.

பெட்டி

எத்தனை மாதமானாலும் உடை ஒரு வாரத்துக்குத்தான். பெரியவர் ஒருவருக்கு ஒரு பெட்டி, ஒரு கை எப்போதும் காலி. அந்தக் கை குழந்தைக்கு. இந்தக் கணக்குக்குள் அடங்காத பொருளை வீட்டில் விடுங்கள். ஒவ்வொருவரின் உடையிலும் இரண்டு ஜோடியை இன்னொருவர் பெட்டியில் மாற்றி வையுங்கள். ஒரு பெட்டி தொலைந்தால் ஒரே குழந்தை மாற்றுத்துணி இல்லாமல் நிற்காது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது பொது விதி. 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி, கவலையில்லை. குழந்தைக்கான கார் இருக்கை கொண்டுபோவதானால் அதன் பாதுகாப்புத் தர முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பாவில் ஆர்44 அல்லது ஆர்129 வேண்டும். அமெரிக்கத் தரத்தில் மட்டும் செய்தது அங்கே செல்லாது.

விமானம்

இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம். பயணத்தின் நடுவில் இரண்டு நிறைந்தால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும், இதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மாறும் விமானத்துக்கு இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள். எல்லாம் ஒரே பதிவில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை.

காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். தரையிறங்கச் சுமார் அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். அப்போது பால், தண்ணீர், சப்பும் மிட்டாய் என்று விழுங்கவைக்க ஏதாவது கொடுங்கள், தூங்கினால் எழுப்புங்கள். நான்கு வயதுக்குக் கீழ் கெட்டி மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார்ப் படிவம் எழுதி எண் வாங்குங்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும் தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும்.

இறங்கிய முதல் மூன்று நாள்

பகலில் போய்ச் சேருமாறு டிக்கெட் எடுங்கள். முதல் இரவுக்கான உடை, பால், மருந்து, சார்ஜர் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் ஒருவர் மட்டும் சுற்றி வந்து ஜன்னல் தாழ், பால்கனிக் கதவு, குளியலறைக் குழாயின் வெந்நீர்ச் சூடு, கீழ்த்தட்டில் உள்ள துப்புரவுத் திரவம், நீச்சல் குளம் இருந்தால் அதன் வேலி ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். குழந்தைகள் அதுவரை இன்னொருவர் கையில்.

உடல் நேரம் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கே போவது மேற்கே போவதைவிடச் சிரமம். இரவு இரண்டு மணிக்கு விழித்த குழந்தைக்கு மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், திரையைக் காட்ட வேண்டாம். மேற்கே போயிருந்தால் மாலை வெயிலில் விளையாட விடுங்கள். கிழக்கே ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் முதல் இரண்டு நாள் விடியற்கால வெளிச்சம் எதிர்மாறாக வேலை செய்யும், முற்பகல் நடுவில் வெளியே அழைத்துப் போங்கள்.

வண்டிகள் எதிர்ப்பக்கத்தில் ஓடும் நாடு என்றால் முதல் நாளே சாலை ஓரத்தில் நின்று எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்று பழக்குங்கள். பெரியவர்களுக்கும் இந்தப் பாடம் வேண்டும். தவறான பக்கம் பார்த்துக் காலை எடுத்து வைப்பது அவர்கள்தான். குழந்தையின் சட்டைப் பையில் தங்கும் முகவரியும் பெற்றோர் எண்ணும் உள்ளூர் மொழியில் எழுதிய அட்டை வையுங்கள். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், குழந்தைகளோடு இருக்கும் ஒரு அம்மாவிடம் அட்டையைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அருகில் இரவும் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு ஒருமுறை நடந்தோ வண்டியிலோ போய் வழியைப் பார்த்து வருவது மூன்றாம் நாள் வேலை.